மருத்துவக் கட்டுரைகளை இணையத்தில் தேட உதவும் பப்மெட் தளம் வருவதற்கு முன்பே மருத்துவக் கட்டுரைகளைக் கணினியில் தேடினார்களா? அதற்கான தரவுத்தளங்களை யார் பராமரித்தார்கள்?

தேடினார்கள். 1964 முதலே தேடினார்கள். ஆனால் கேள்வியின் இரண்டு பாகங்களையும் நான் பிரித்துப் பதில் சொல்லப் போவதில்லை. தேடுவதும் பராமரிப்பதும் அன்று ஒரே வேலையின் இரு முனைகள். ஒரு முனையில் ஒருவர் கட்டுரையைப் படித்து அதற்குத் தலைப்புகள் இட்டார். மறுமுனையில் இன்னொருவர் அதே தலைப்புகளைக் கொண்டு அதைத் தேடி எடுத்தார். முதலாமவர் என்ன விதிப்படி தலைப்பிட்டார் என்பதை அறியாத இரண்டாமவரால் நல்ல தேடலைச் செய்ய முடியாது. நான் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில், மெட்லைன் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம் குறுந்தகடுகளில் வந்த காலத்தில், மருத்துவர்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும் தேடிக் கொடுக்கும் பணியில் இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்தும், இந்தத் துறையின் வரலாற்றைத் தொடர்ந்து படித்து வந்ததிலிருந்தும் எழுதுகிறேன்.

வேர் அச்சுக் காலத்தில் இருக்கிறது. அமெரிக்க இராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகத்தின் நூலகத்தைப் பொறுப்பேற்று வளர்த்த ஜான் ஷா பில்லிங்ஸ், ராபர்ட் ஃபிளெட்சருடன் சேர்ந்து 1879இல் 'இன்டெக்ஸ் மெடிகஸ்' என்ற மாதாந்திர அட்டவணையைத் தொடங்கினார். உலகின் மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்துத் தரும் வெளியீடு அது. அந்த நூலகமே 1956இல் தேசிய மருத்துவ நூலகம் ஆகி, 1962இல் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவுக்கு இடம் மாறியது. அதற்குள் கட்டுரைகளின் எண்ணிக்கை பெருகி, கையால் அட்டை அடுக்கி ஒவ்வொரு மாதமும் இன்டெக்ஸ் மெடிகஸை அச்சுக்கு அனுப்புவது பெரும்பாடாகிவிட்டது. கணினி முதலில் உள்ளே வந்தது இந்த அச்சு வேலையைச் சமாளிப்பதற்காகத்தான். 1964 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய 'மெட்லார்ஸ்' அமைப்பு ஹனிவெல் 800 கணினியில் இயங்கியது. துளை நாடாவில் தட்டச்சு செய்யப்பட்ட குறிப்புகள் காந்த நாடாவுக்கு ஏறின. அவற்றிலிருந்து 'கிரேஸ்' என்ற ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் பக்கங்களை உருவாக்கித் தந்தது. அச்சுக்காகச் சேர்ந்த அதே நாடாக்களை ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடவும் பயன்படுத்தலாம் என்பது அந்த அமைப்பின் இரண்டாவது நோக்கம். பிற்காலத்தில் அந்த இரண்டாவது நோக்கமே முதன்மை பெற்றது.

இதில் மிக முக்கியமான பகுதி கணினி அன்று என்பது என் உறுதியான கருத்து. 'மெஷ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மருத்துவப் பொருள் தலைப்புப் பட்டியலும், அதைக் கையாண்ட அட்டவணையாளர்களுமே அந்தத் தரவுத்தளத்தின் உயிர். மெஷ் 1960இல் முதன்முதலாக வெளியானது. ஒரே நோயை ஓர் ஆசிரியர் ஒரு பெயராலும் மற்றோர் ஆசிரியர் வேறு பெயராலும் எழுதுவார். அன்றைய அட்டவணையாளர் இருவருடைய கட்டுரைகளையும் ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவருவார். அவர் கட்டுரையின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க மாட்டார். கட்டுரையின் முன்னுரையையும் முறைகளையும் முடிவுகளையும் புரட்டி, அது உண்மையில் எதைப் பற்றியது என்று தீர்மானித்து, ஏறத்தாழ பத்துத் தலைப்புகளை இடுவார். அவற்றில் கட்டுரையின் மையமான சிலவற்றுக்கு மட்டும் தனிக் குறியிடுவார். அச்சு இன்டெக்ஸ் மெடிகஸில் அந்தச் சில தலைப்புகளின்கீழ் மட்டுமே கட்டுரை இடம்பெறும். எஞ்சியவை கணினித் தேடலுக்கு மட்டும் உதவும். ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா விலங்குகளிடம் நடந்ததா, ஆணா பெண்ணா, எந்த வயதினர் என்பவற்றையும் ஒவ்வொரு கட்டுரைக்கும் தவறாமல் குறிக்க வேண்டியிருந்தது. ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானிய இதழ்களும் பட்டியலில் இருந்ததால் அந்த மொழிகள் அறிந்தவர்களும் அட்டவணையாளர்களாகத் தேவைப்பட்டார்கள்.

அவர்களுடைய விதிகளுள் தேடுபவரை அதிகம் பாதித்தது ஒன்று: கட்டுரை எவ்வளவு குறிப்பானதோ அவ்வளவு குறிப்பான தலைப்பையே இட வேண்டும். பெருங்குடல் புற்றுநோயைப் பற்றிய கட்டுரைக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்ற தலைப்பு உண்டு. பொதுவாகப் புற்றுநோய் என்ற தலைப்பு கிடையாது. எனவே புற்றுநோய் என்று மட்டும் கேட்டவருக்கு, அதைப் பொதுவாகப் பேசிய கட்டுரைகள் மட்டுமே வரும். இதனால்தான் தலைப்புகள் கிளை கிளையாக அடுக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் எண் தரப்பட்டது. 'எக்ஸ்ப்ளோட்' என்ற கட்டளை கொடுத்தால் ஒரு தலைப்பும் அதன் கீழ்க்கிளைகள் அனைத்தும் சேர்ந்து வரும். இந்த ஒரு விதியை அறிந்தவரும் அறியாதவரும் ஒரே கேள்வியோடு உட்கார்ந்தால், இருவருக்கும் கிடைக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கை பல மடங்கு வேறுபடும். என்னிடம் வந்த மாணவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

1960களில் மருத்துவர் தாமே தேட வழியில்லை. தமக்கு வேண்டியதைப் படிவத்தில் எழுதி அனுப்புவார். அதற்கெனப் பயிற்சி பெற்ற தேடல் வல்லுநர் அதை மெஷ் தலைப்புகளாக மாற்றி, எதனுடன் எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று ஒரு சூத்திரம் அமைப்பார். பலருடைய சூத்திரங்களையும் ஒன்றாகச் சேர்த்து, நாடாக்களை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுவார்கள். அச்சிட்ட விடை தபாலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். வந்த விடை பொருந்தவில்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இன்று நாம் தட்டிப் பார்த்துத் திருத்துகிறோமே, அந்த வசதியே அப்போது கிடையாது. சூத்திரம் அமைக்கும்போதே எல்லாவற்றையும் முன்கூட்டி யோசித்தாக வேண்டும்.

அந்த முறை எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதை நூலகம் தானே முன்வந்து அளந்து பார்த்தது. இந்தத் துறையின் வரலாற்றிலேயே நான் மிகவும் மதிக்கும் செயல் இது. தகவல் தேடலை ஆராய்ந்த எஃப். டபிள்யூ. லங்காஸ்டர் ஏறத்தாழ 300 உண்மையான தேடல்களை எடுத்து ஆராய்ந்து 1968இல் அறிக்கை அளித்தார். பொருத்தமான கட்டுரைகளில் சராசரியாக 58 விழுக்காடே பிடிபட்டன; பிடிபட்டவற்றில் பாதி மட்டுமே பொருத்தமானவை. அவர் அந்த எண்களோடு நிற்கவில்லை. தவறிய ஒவ்வொரு கட்டுரையும் ஏன் தவறியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிலவற்றில் அட்டவணையாளர் ஒரு தலைப்பை விட்டிருந்தார். சிலவற்றில் சூத்திரம் குறுகலாக இருந்தது. சிலவற்றில் மெஷ்ஷிலேயே அந்தக் கருத்துக்குத் தலைப்பு இல்லை. கேட்டவருடைய தேவை படிவத்தில் சரியாக இறங்காததும் ஒரு பெரிய காரணமாக இருந்தது. நூலகரோடு பேசி, தேவையை மெஷ் சொற்களில் எழுதி அனுப்பியவர்களைவிட, தம் சொந்த வார்த்தைகளில் எழுதி அனுப்பியவர்களுக்கே நல்ல விடை கிடைத்தது என்றும் அவர் கண்டார். கேள்வியைத் தொடக்கத்திலேயே கலைச்சொல்லுக்குள் அடக்கிவிட்டால், கேட்டவர் உண்மையில் விரும்பியது வெளியே நின்றுவிடுகிறது. அதனால் எங்கள் நூலகத்துக்கு வந்தவர்களிடமும், "டாக்டர், முதலில் உங்கள் கேள்வியை ஒரு முழு வாக்கியமாக எழுதிக் கொடுங்கள்" என்றுதான் கேட்பேன்.

நேரடித் தேடல் 1970இல் ஒரு சோதனையாகத் தொடங்கியது. சுமார் 100 ஆங்கில இதழ்களின் குறிப்புகளைத் தொலைத்தட்டச்சு வலையமைப்பின் வழியாகத் தேடும் வசதி அது. அதன் வரவேற்பைக் கண்டு 1971 அக்டோபரில் 'மெட்லைன்' தொடங்கப்பட்டது. அப்போது அதில் 239 இதழ்கள். ஒரே நேரத்தில் 25 பேர்தான் இணைய முடியும். டைம்ஷேர் நிறுவனத்தின் தரவு வலையமைப்பு அடுத்த ஆண்டு சேர்ந்த பிறகு, தொலைதூர ஊர்களிலிருந்தும் உள்ளூர்த் தொலைபேசிக் கட்டணத்தில் இணைய முடிந்தது. தேடுபவர் ஒரு தலைப்பைத் தட்டினால், எத்தனை கட்டுரைகள் உள்ளன என்ற எண்ணிக்கை திரும்பி வரும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் இருக்கும். பிறகு அந்த எண்களை 'ஆண்ட்' (இரண்டும்), 'ஆர்' (ஏதேனும் ஒன்று), 'நாட்' (விலக்கு) கொண்டு இணைக்கலாம். முனையங்கள் நொடிக்கு 10 முதல் 30 எழுத்துகள் அச்சிட்டன. கொஞ்ச காலம் இலவசமாக இருந்த இணைப்புக்குப் பின்னர் நேரக் கணக்கில் கட்டணம் வந்தது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் முழுத் தேடலையும் காகிதத்தில் எழுதி முடித்த பிறகே இணைப்பை எடுத்தார்கள். நீண்ட பட்டியல்களை முனையத்தில் வாங்காமல் பெதஸ்டாவிலேயே இரவில் அச்சிடச் சொல்லித் தபாலில் பெற்றார்கள். நேரடிக் கோப்பில் இருந்தவை அண்மை ஆண்டுகள் மட்டுமே. பழையவை தனிக் கோப்புகளில் இருந்ததால் அதே தேடலை ஒவ்வொன்றிலும் மறுபடி ஓட்ட வேண்டும்.

பராமரிப்பின் கடினமான பகுதி ஒவ்வோர் ஆண்டு இறுதியிலும் வந்தது. மருத்துவம் வளர வளர மெஷ்ஷும் மாற வேண்டும். ஒரு தலைப்பின் பெயர் மட்டும் மாறினால், பழைய பதிவுகள் அனைத்திலும் கணினியைக் கொண்டு புதுப் பெயரை மாற்றிவிடலாம். ஆனால் ஒரு பரந்த தலைப்பிலிருந்து புதிய, குறுகிய தலைப்பு பிரிந்தால், பழைய பதிவுகளில் எவை அந்தப் புதிய தலைப்புக்கு உரியவை என்பது கணினிக்குத் தெரியாது. அத்தனை பழைய கட்டுரைகளையும் ஆட்களைக் கொண்டு மறுபடி படிக்கவும் இயலாது. எனவே அவை பழைய தலைப்பிலேயே தங்கிவிடும். எய்ட்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1981இல் அந்த நோயைப் பற்றிய முதல் அறிக்கைகள் வந்தபோது அதற்குப் பெயரே இல்லை. மெஷ்ஷில் தலைப்பு வந்தது 1983இல். இடைப்பட்ட கட்டுரைகளைக் காண விரும்புபவர் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா, கபோசி சார்கோமா, நோயெதிர்ப்புக் குறைபாடு என்று அக்காலத்து மருத்துவர்கள் கண்ணால் கண்டவற்றின் பெயர்களில் தேட வேண்டும். கட்டுரைச் சுருக்கங்கள் 1975 முதல்தான் மெட்லைனில் சேர்க்கப்பட்டன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதற்கு முந்தைய பதிவில் கட்டுரைப் பெயரையும் அட்டவணையாளர் இட்ட தலைப்புகளையும் விட்டால் தேடுவதற்கு வேறு சொற்களே இல்லை.

இந்தியாவில் 1986இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து தில்லியில் மெட்லார்ஸ் மையம் ஒன்றை நிறுவின. நம் நாட்டு மருத்துவ இதழ்களில் மெட்லைனில் இடம்பெற்றவை சிலவே என்பதால், எஞ்சியவற்றுக்காக 'இண்ட்மெட்' என்ற தரவுத்தளத்தையும் அந்த மையமே உருவாக்கியது. காசநோயைப் பற்றியோ பாம்புக்கடியைப் பற்றியோ தேடுபவருக்கு அதன் அருமை தெரியும். கல்லூரி நூலகங்களைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் குறுந்தகட்டால்தான் வந்தது. 1980களின் நடுவில் மெட்லைன் குறுந்தகட்டில் வரத் தொடங்கியதும் தொலைபேசி இணைப்பும் நேரக் கட்டணமும் தேவையற்றுப் போயின. ஆண்டுக்கொரு தட்டு என்ற கணக்கில் மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுவோம். கட்டணக் கவலை இல்லாததால் மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் இந்தத் தலைப்பு, ஏன் அது இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவகாசம் கிடைத்தது. 1997 ஜூனில், மெட்லைனை இணையத்தில் தேட உதவும் பப்மெட் அனைவருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டபோது இடைத்தரகரே வேண்டாம் என்றானது. அது மிகப் பெரிய நன்மை. கூடவே, அட்டவணை விதிகளை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும் பழக்கமும் மறைந்தது. அதை நான் ஓர் இழப்பாகவே கருதுகிறேன்.

அந்த இழப்பு எத்தகையது என்பதற்கு, பராமரிப்போடு சேர்ந்த இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 1994இல் கே டிக்கர்சினும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீரற்ற முறையில் பிரித்து நடத்தப்பட்ட மருத்துவச் சோதனைகளில், இருப்பதாக அறியப்பட்டவற்றுள் சராசரியாகப் பாதியை மட்டுமே மெட்லைன் தேடல்கள் கண்டெடுத்தன என்று அது காட்டியது. தவறியவற்றில் பல மெட்லைனிலேயே இருந்தன. சோதனை என்று அடையாளம் காட்டும் குறிதான் அவற்றில் இல்லை. கட்டுரை வகையைக் குறிக்கும் அந்த அடையாளம் 1991இல்தான் அறிமுகமானது. இதைச் சரிசெய்ய, சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பைச் சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகக் கையால் புரட்டிச் சோதனைகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் அனுப்ப, தேசிய மருத்துவ நூலகம் அந்தப் பதிவுகளில் விடுபட்ட குறியைச் சேர்த்தது. ஒரு சிகிச்சை பலன் தருமா என்று இன்று எந்தத் தொகுப்பாய்வைப் படித்தாலும், அதன் அடியில் பெயர் தெரியாத அந்தக் கைகளின் உழைப்பு இருக்கிறது.

மற்றது துயரமானது. 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வொன்றுக்குத் தன்னார்வலராக முன்வந்த 24 வயதுப் பெண், ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை முகர்ந்த பின் நுரையீரல் பழுதாகி இறந்தார். அந்த மருந்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம் என்ற செய்தி 1950களின் கட்டுரைகளில் வெளிவந்திருந்தது. ஆய்வுக்கு முன் நடந்த பப்மெட் தேடலில் அவை வரவில்லை, ஏனெனில் மெட்லைன் அப்போது 1966 வரைதான் பின்னோக்கிச் சென்றது. அதற்கு முந்தையவை அச்சு அட்டவணைகளில், நூலக அலமாரிகளில், எடுத்துப் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தன. பழைய அச்சு அட்டவணைகளைக் கணினியில் ஏற்றும் 'ஓல்ட்மெட்லைன்' பணி 1990களிலேயே தொடங்கியிருந்தாலும், அது படிப்படியாகவே நகர்ந்து, பின்னர்தான் 1946 வரை எட்டியது.

ஆகவே பழைய கட்டுரைகளைத் தேடப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எந்த ஆண்டின் கட்டுரை வேண்டுமோ அந்த ஆண்டில் அந்தக் கருத்துக்கு மெஷ்ஷில் என்ன தலைப்பு இருந்தது என்று முதலில் பாருங்கள். மெஷ் பதிவிலேயே ஒவ்வொரு தலைப்பும் எந்த ஆண்டு அறிமுகமானது, அதற்கு முன் எந்தத் தலைப்பின்கீழ் அட்டவணையிடப்பட்டது என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்கும். 1975க்கு முந்தையவற்றுக்குச் சுருக்கத்தில் உள்ள சொற்களை நம்பித் தேடாதீர்கள். 1946க்கு முந்தையவற்றுக்குப் பெரும்பாலும் இன்டெக்ஸ் மெடிகஸ் போன்ற அச்சு அட்டவணைகளின் பழைய தொகுதிகளைப் புரட்ட வேண்டியிருக்கும். உங்கள் ஊரின் பழைய மருத்துவக் கல்லூரி நூலகத்தில் அவை இருக்கின்றனவா என்று அங்குள்ள நூலகரிடம் கேளுங்கள்.