டிஎஸ்டிவியை நிறுத்தினால் அம்மாவின் சன் டிவி போய்விடுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். டிஎஸ்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி சேவையின் பெரிய தொகுப்பு, அதன்மேல் இந்தியச் சேனல்கள் என்று மாதம் ஆயிரம் ராண்டுக்கு மேல் டெபிட் ஆர்டரில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாக) போகிறது. வீட்டில் நான்கு பேருக்கும் மொபைல் டேட்டா தனிச் செலவு. இப்போது எங்கள் தெருவுக்கு ஃபைபர் இணையம் வந்திருக்கிறது. டிஎஸ்டிவியை நிறுத்திவிட்டு ஃபைபர் போட்டால் மிச்சமாகுமா? 74 வயதாகும் என் அம்மாவுக்குத் தமிழ்த் தொடர்கள் இல்லாமல் பொழுது போகாது. தெரிந்தவர் ஒருவர், ஒரு பெட்டி வாங்கினால் எல்லாத் தமிழ்ச் சேனல்களும் வரும், ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும் என்கிறார். நம்பலாமா?

பதில்: முதலில் அந்தப் பெட்டி. வாங்காதீர்கள்.

சேனல்களை ஒளிபரப்பும் உரிமை அதை விற்பவருக்கு இல்லை. எங்கோ ஒரு சர்வரிலிருந்து திருட்டுத்தனமாக வரும் ஒளிபரப்புக்கான கடவுச்சொல்லைத்தான் அவர் விற்கிறார். நீங்கள் கட்டும் ஆண்டுப் பணம் எந்த நிறுவனத்துக்கும் போவதில்லை. அவருடைய சொந்தக் கணக்குக்குப் போகிறது. சர்வர் முடக்கப்பட்ட அன்று திரை கறுத்துவிடும். ரசீது இல்லாதபோது யாரிடம் போய்ப் புகார் கொடுப்பீர்கள்? பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. பெயர் தெரியாத மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகள் சிலவற்றில் விற்பனைக்கு முன்பே தீய மென்பொருள் ஏற்றப்பட்டு வருகிறது. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற இந்த வகை மென்பொருளைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பகிரங்கமாக எச்சரித்தது. அந்தப் பெட்டியும் நீங்கள் வங்கிச் செயலி திறக்கும் கைப்பேசியும் ஒரே வைஃபையில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் தொலைக்காட்சி ஸ்மார்ட் டிவி என்றால் பெட்டியே தேவையில்லை. இல்லையென்றால் பெயருள்ள கடையில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசாவின் ஒப்புதல் முத்திரை உள்ள கருவியாகப் பார்த்து, ரசீதோடு வாங்குங்கள்.

இனி ஃபைபர். வீடு வீடாக வரும் முகவர் சொல்லாத ஒன்று உண்டு. தரையில் கம்பி போட்டவர் ஒருவர். உங்களுக்கு இணையம் விற்பவர் வேறொருவர். சாலை ஒருவருடையது, அதில் ஓடும் டாக்சி இன்னொருவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். வூமாடெல், ஓப்பன்சர்வ் போன்றவை சாலைக்காரர்கள். ஒரே கம்பியில் பல இணைய நிறுவனங்கள் வெவ்வேறு விலைக்குச் சேவை தருகின்றன. வாசலில் நிற்பவர் கமிஷனுக்காக அவற்றில் ஒன்றைத்தான் காட்டுவார். கம்பி உரிமையாளரின் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் எல்லாப் பெயர்களும் வரும். பத்து நிமிட வேலை, அவசியம் செய்யுங்கள்.

வேகத்திலும் ஏமாற வேண்டாம். ஃபுல் எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது நொடிக்கு 5 மெகாபிட். 4கே படத்துக்கு 15. இரண்டு திரையும் நான்கு கைப்பேசிகளும் உள்ள வீட்டுக்கு 25 மெகாபிட் இணைப்பு தாராளம். 200 மெகாபிட்டைத் தலையில் கட்ட வருபவரிடம் “வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். ‘இலவச’ இணைப்பு, ‘இலவச’ ரவுட்டர் என்றால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முகவர் தானாகத் தேடி வந்து விற்றிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். இதை எந்த முகவரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

மிச்சமாகுமா என்றால், ஆகும். ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. ஃபைபர் கட்டணத்தோடு மூன்று நான்கு செயலிச் சந்தாக்களைச் சேர்த்தால் பழைய டிஎஸ்டிவி பில்லுக்கே பக்கத்தில் வந்துவிடும். உண்மையான மிச்சம் நான்கு பேரும் வாங்கும் மொபைல் டேட்டாவில் இருக்கிறது. வீட்டில் வைஃபை வந்த பிறகும் பழக்கத்தில் டேட்டா வாங்கிக்கொண்டே இருந்தால் ஒரு ராண்டுகூட மிஞ்சாது. வீட்டில் கிரிக்கெட் பைத்தியம் இருந்தால் முழுவதையும் வெட்டாமல் தொகுப்பைக் குறையுங்கள். பெரிய போட்டிகள் பெரும்பாலும் டிஎஸ்டிவியின் விளையாட்டுச் சேனலான சூப்பர்ஸ்போர்ட்டிடம்தான் இருக்கின்றன.

அம்மாவின் தொடர்களுக்கு வருகிறேன். சன் நெக்ஸ்ட், ஜீ5 போன்ற செயலிகளில் தமிழ்த் தொடர்கள் இருக்கின்றன. தந்தி டிவியும் புதிய தலைமுறையும் யூடியூபில் செய்தியை இலவசமாக நேரலையில் தருகின்றன. ஆனால் ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு மாறும். சென்னையில் உள்ள உறவினர் கைப்பேசியில் பார்ப்பது இங்கே அப்படியே வரும் என்று எண்ண வேண்டாம். எனவே டிஎஸ்டிவி இருக்கும்போதே ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டி, அம்மா பார்க்கும் தொடர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள்.

அதைவிட முக்கியமாக, அம்மாவின் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். டிஎஸ்டிவியின் பெட்டியான டிகோடரில் எண்ணை அழுத்தினால் தொடர் ஓடும். செயலியிலோ திறக்க வேண்டும், யார் பார்க்கிறீர்கள் என்று கேட்கும், தேட வேண்டும், அடுத்த பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சில செயலிகள் நடுவில் நிறுத்தி “இன்னும் பார்க்கிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்கும். கண்ணாடியைத் தேடி எடுத்து அதைப் படிப்பதற்குள் அவருக்குத் தொடரே வெறுத்துவிடும். ஒரு வாரத்தில் அவருக்குப் பழகவில்லை என்றால், இந்தியச் சேனல்களை எந்த மலிவான அடிப்படைத் தொகுப்போடு வைத்துக்கொள்ளலாம் என்று டிஎஸ்டிவியிடம் கேளுங்கள். மிச்சம் குறைந்தாலும் அவருடைய பகல்பொழுது கெடாது.

நிறுத்துவது என்று முடிவானால், எழுத்தில் நிறுத்துங்கள். சேர்வதற்கு ஒரு குறுஞ்செய்தி போதும். விலகுவதற்கு மட்டும் தொலைபேசியில் இசை கேட்டபடி காத்திருந்து, “சார், இந்தச் சலுகையைக் கேளுங்கள்” என்ற பேச்சையும் தாண்ட வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாடு வாடிக்கையாளரைக் களைப்படையச் செய்வதற்கென்றே வைத்திருப்பது போல இருக்கிறது. கட்டுப்படுத்த வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மின்னஞ்சல் அனுப்புங்கள், குறிப்பு எண் வாங்குங்கள். டிகோடரின் மின்சாரத்தைப் பிடுங்கி வைப்பது ரத்து ஆகாது. வங்கியில் டெபிட் ஆர்டரை மட்டும் நிறுத்துவதும் ரத்து ஆகாது, பாக்கி ஏறும். அடுத்த இரண்டு மாத வங்கி அறிக்கையை வரிவரியாகப் பாருங்கள். டிகோடர் காப்பீடு எடுத்திருந்தால் அது தனி வரியில் பிடிக்கப்படலாம். அதையும் தனியாகச் சொல்லி நிறுத்த வேண்டும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதில் பலர் மாட்டுகிறார்கள். ‘பிரைஸ் லாக்’ என்ற பெயரில் டிகோடரையும் சந்தாவையும் சேர்த்து 24 மாத ஒப்பந்தமாக வாங்கியிருந்தால், அது மாதச் சந்தா அல்ல. அதற்காக 24 மாதமும் கட்டியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து நடுவிலேயே விலகலாம். வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு, பொது விடுமுறை சேராது. கையில் ஏறத்தாழ ஒரு மாதம் என்று கணக்கிடுங்கள். அதுவரையிலான பாக்கியும், நியாயமான ரத்துக் கட்டணமும் அவர்கள் கேட்கலாம். மீதி மாதங்களின் முழுத் தொகையைக் கேட்டால் அது நியாயமான கட்டணம் ஆகாது. அந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள், டிகோடரின் மீதி விலை எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிய மூன்று நான்கு மாதமே இருந்தால், முட்டி மோதாமல் முடியவிட்டு விலகுவது மலிவு. முடிந்ததும் அது தானாக நின்றுவிடாது, மாதச் சந்தாவாகத் தொடரும். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கடைசியாக டிவி லைசென்ஸ். டிஎஸ்டிவியை நிறுத்தினால் இதுவும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. ஆண்டுக்கு 265 ராண்டு, பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசிக்கு உரியது. டிவி வைத்திருப்பதற்கான கட்டணம். கட்டாவிட்டால் மாதம் 10 சதவீதம் அபராதம் ஏறும். பெரும்பான்மையோர் கட்டுவதில்லை என்பது எஸ்ஏபிசியின் ஆண்டறிக்கைகளிலேயே தெரிகிறது. அதைத் திருத்த வேண்டிய அரசு, 2015 ஜூன் 17 என்று சர்வதேசக் கெடு இருந்த பழைய அனலாக் ஒளிபரப்பையே இன்னும் அணைக்க முடியாமல் தவிக்கிறது; 2025 மார்ச் 31 என்ற கெடுவையும் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 70 வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகைக் கட்டணம் ஆண்டுக்கு 74 ராண்டுதான். டிவி உண்மையிலேயே அம்மாவுடையது என்றால் அவர் பெயரில், அவருடைய அடையாள அட்டையோடு விண்ணப்பியுங்கள். பழைய பாக்கி இருந்தால் அதை முதலில் தீர்க்கச் சொல்வார்கள்.