தருக்களை வெட்டும் முன்

கேள்வி: நான் கல்லடியில் நாடகமும் அரங்கியலும் பயிலும் இறுதியாண்டு மாணவி. கிழக்கிலங்கையின் மரபுக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியில், விடியவிடிய ஆடும் கூத்தொன்றைப் பெண்களைக் கொண்டு ஒரு மணித்தியால ஆற்றுகையாக அமைப்பது எனது செயற்றிட்டம். அதற்காகத் தருக்களை, அதாவது கூத்துப் பாடல்களை, வெட்ட எங்கள் ஊர் அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) உடன்படவில்லை. வீட்டிலோ, "ஆடிக் காட்டுவதும் பட்டப்படிப்பா?" என்கிறார்கள். முயற்சி சறுக்கினால் புள்ளியும் போய்விடுமா?
- மாணவி, தம்பிலுவில்

பதில்: அன்புத் தங்கைக்கு, வீட்டாருக்கு உங்கள் பகுதியிலேயே விடை இருக்கிறது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், வழக்கொழிந்துபோன யாழைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதிய 'யாழ்நூல்' 1947இல் அரங்கேறியபோது, அவருடைய ஆய்வின்படி அமைக்கப்பட்ட யாழ்களும் அங்கு இசைக்கப்பட்டன. கலையில் செய்து பார்ப்பதும் ஆராய்ச்சியே.

அண்ணாவியாரின் மறுப்பை நான் தடையாகக் கருதவில்லை. வடமோடியில் பாத்திரத்தின் வரவுத் தருவும் தாளக்கட்டும் ஆட்டமும் ஒன்றோடொன்று பின்னியவை. கதைக்குத் தேவையில்லை என்று ஒரு தருவை நீக்கினால், அதனோடு சேர்ந்த ஆட்டமும் மத்தளத்தின் அடியும் போய்விடும். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இரவு முழுவதும் நீண்ட கூத்தைச் சுருக்கி, சுற்றிலும் மக்கள் இருந்து பார்க்கும் வட்டக் களரியிலிருந்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 'இராவணேசன்' அப்படிப் பிறந்தது. பின்னாளில் அரங்கியலாளர் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் மட்டக்களப்பின் சீலாமுனையில், கூத்தை ஊரிலிருந்து பெயர்க்காமல், ஊர் மக்களோடு கலந்து பேசி ஊரிலேயே மீளுருவாக்கம் செய்தார்கள். முன்னது மேடைக்கு வேண்டிய செறிவைத் தந்தது; பின்னது, எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் உரிமையை ஆடுபவரிடமே விட்டது. உங்கள் முயற்சிக்கு இரண்டாவது வழியே பொருந்தும் என்பது எனது உறுதியான எண்ணம். ஏனெனில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடிவந்த களரியில் பெண்கள் இறங்குவதுதான் உங்கள் பரிசோதனையின் உயிர், நேரச் சுருக்கம் அன்று.

ஆகவே, சட்டங்கொடுத்த (ஆடுபவர்களுக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டைக் கையளித்த) நாள் தொடங்கி அண்ணாவியாரிடம் முறைப்படி பழகுங்கள். ஒரு பகுதியையாவது வெட்டாமல் முழுமையாக ஆடிய பின்னர், எந்தத் தருவை விடலாம் என்று அவரிடமே கேளுங்கள். மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு போய், ஒரு மாலையில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டு, அறிக்கையில் 'தகவலாளர்' என்று ஒரு வரி எழுதிவிடுவதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருந்தியிருக்கிறேன். அவர் உங்களுடைய இணை ஆய்வாளர்; அழைப்பிதழில் பெயரும், உழைப்புக்கு உரிய கொடுப்பனவும் அவருக்குச் சேர வேண்டும்.

புள்ளியைப் பற்றி: உங்கள் துறையின் மதிப்பீட்டு விதிகளை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒவ்வொரு ஒத்திகை இரவிலும் என்ன செய்தோம், எது பொருந்தவில்லை, ஏன் மாற்றினோம் என்று குறிப்பேட்டில் எழுதிவந்தால், சறுக்கிய இடங்களும் ஆய்வறிக்கையில் வாதமாக நிற்கும்.

இயலுமானால், பரீட்சகர்கள் பார்ப்பதற்கு முன்னர் தம்பிலுவிலிலேயே களரி கட்டி ஒருமுறை ஆடுங்கள். விடியும்வரை கூத்துப் பார்த்துப் பழகிய தாய்மார் முன்வரிசையில் இருக்கட்டும். அவர்கள் தேடும் தருவை நீங்கள் வெட்டியிருந்தால், திரும்பச் சேர்ப்பதற்கு அப்போது நாள் இருக்கும்.