தன்னைக் கொல்லத் துரத்துன இஸ்ரவேல் ராஜா சவுலுக்காக, அவருக்கு அப்புறம் ராஜாவான தாவீது பாடின புலம்பல் நிஜமான அழுகையா, அரசியலா?

என்னைக் கேட்டா, அரசியல் அதுல இல்லாம இல்ல. ஆனா அரசியலுக்காக மட்டும் அழுத ஒருத்தரால அந்தப் பாட்டை எழுதியிருக்கவே முடியாது.

சந்தேகம் வர்றதுல தப்பில்ல. சவுல் செத்தப்ப தாவீது இருந்ததே இஸ்ரவேலோட எதிரிகளான பெலிஸ்தர் பக்கம்தான், காத் ராஜா ஆகீஸ் குடுத்த சிக்லாக் ஊர்ல தன் ஆளுங்களோட குடியிருந்தாரு, சவுல் செத்த அதே யுத்தத்துக்கு அவங்களோட கிளம்பியும் போனாரு, மத்த பெலிஸ்த பிரபுக்கள் இவரை நம்பாம திருப்பி அனுப்புனதாலதான் அன்னைக்கு யுத்தம் நடந்த கில்போவா மலைல இல்ல. அப்புறம் ஒரு அமலேக்கியன் சவுலோட கிரீடத்தையும் கைக்காப்பையும் கொண்டுவந்து, நான்தான் அவரைக் கொன்னேன்னு சொல்றான் (பைபிள்ல இதுக்கு முந்தின அதிகாரமான 1 சாமுவேல் 31ல சவுல் தன் பட்டயத்து மேலயே விழுந்து செத்தார்னு இருக்கு, இவன் பரிசுக்காக பொய் சொன்னான்னுதான் நான் நினைக்கிறேன்). எதிரி தேசத்துல உக்காந்திருக்கறவர் கைக்கு கிரீடம் வந்தா ஊர் என்ன பேசும்? அதனால வெளிப்படையா துக்கம் கொண்டாடுறதும் அந்த அமலேக்கியனைக் கொல்ல சொன்னதும் தாவீதுக்கு தேவையாவும் இருந்துச்சு.

ஆனா பாட்டை வாசிங்க, 2 சாமுவேல் 1ல 19லருந்து 27 வரைக்கும். இதை காத்ல சொல்லாதீங்க, அஸ்கலோன் வீதில பேசாதீங்க, பெலிஸ்தரோட பொண்ணுங்க சந்தோஷப்படுவாங்கன்னு தொடக்கத்துலயே சொல்றாரு. யுத்தம் முடிஞ்சா பொண்ணுங்க ஆடிப்பாடி என்ன பண்ணுவாங்கன்னு அவருக்கு நல்லாவே தெரியும், சவுல் கொன்னது ஆயிரம், தாவீது கொன்னது பதினாயிரம்னு இஸ்ரவேல் பொண்ணுங்க பாடுனதுதானே சவுலுக்கு இவர்மேல பொறாமையை கிளப்பி விட்டுச்சு. அதே இஸ்ரவேல் பொண்ணுங்களைத்தான் இப்ப கூப்பிட்டு, உங்களுக்கு சிவப்புத் துணியும் பொன் நகையும் போட்டு அழகு பாத்தவர் சவுல், அவருக்காக அழுங்கன்னு சொல்றாரு. அந்த இடத்துல எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

இன்னொன்னையும் கவனிங்க. சவுல் என்மேல ரொம்ப பாசமா இருந்தார்னு ஒரு வார்த்தை கூட இல்ல, என்னைத் துரத்துனார்னும் இல்ல. வீரர், வேகமானவர், ஜனங்களை வாழ வச்சவர்னு உண்மையா இருந்ததை மட்டும் சொல்லி, அழுற வேலையை ஊருக்கு விட்டுடுறாரு. சவுலோட மகனும் தன் உயிர் நண்பனுமான யோனத்தான்கிட்ட வரும்போதுதான் பாட்டு அப்படியே உடையுது, அதுவரைக்கும் ஊருக்காக பாடுனவர் என் சகோதரனே யோனத்தானே, உனக்காக நான் வியாகுலப்படுறேன், உன் சிநேகம் பெண்களோட சிநேகத்தை விட பெருசா இருந்துச்சுன்னு நேரா அவனைப் பாத்தே பேச ஆரம்பிச்சிடுறாரு. அரசியலுக்கு இந்த வரி தேவையே இல்ல.

சவுலும் யோனத்தானும் மரணத்துலயும் பிரியலன்னு வேற ஒரு வரி இருக்கு. யோனத்தான் தாவீதுக்காக அப்பாகூட சண்டை போட்டவன், சவுல் அவன்மேலயே ஈட்டியை எறிஞ்சவரு. அப்படி இருந்தும் கடைசி யுத்தத்துல அப்பாவை விட்டு போகாம அதே மலைல செத்தான். தன்கூட வந்திருந்தா உயிரோட இருந்திருப்பான்னு தாவீதுக்கு தோணாமலா இருந்திருக்கும், ஆனா அதை ஒரு குறையா சொல்லாம பெருமையாத்தான் பாடுறாரு.

இவ்ளோ நீளமான புலம்பல்ல கடவுள் பேரே இல்ல. பரலோகம், மறுபடி சந்திப்போம், எதுவும் கிடையாது. கில்போவா மேல பனியும் மழையும் பெய்யக்கூடாதுன்னு மலையைத்தான் சபிக்கிறாரு. சாவு வீட்ல உடனே ஆறுதல் வசனம் சொல்ற நம்ம ஆளுங்க இதை ஒரு தடவை நிதானமா வாசிக்கணும்.

பின்னாடி இதே தாவீது சவுல் வம்சத்துல 7 பேரை, சவுலால பாதிக்கப்பட்ட கிபியோனியர் கைல கொல்றதுக்கு ஒப்புக்குடுத்ததும் வேதத்துலயே இருக்கு, அதை மறைச்சிட்டு பேச முடியாது. அப்பவும் யோனத்தானுக்கு குடுத்த ஆணைக்காக அவன் மகன் மேவிபோசேத்தை மட்டும் தப்பவிட்டாரு. நேரம் கிடைச்சா 1 சாமுவேல் 18, 20, 31 மூணு அதிகாரத்தையும் முதல்ல வாசிச்சிட்டு அப்புறம் இந்தப் பாட்டுக்கு வாங்க, தனியா வாசிச்சா பாதிதான் புரியும்.