மாடியில் ஃபிளஷ் செய்தால் தரைத்தளத்தில் களக் களக் சத்தம்: எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி: சென்னையில் தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட 16 வீட்டுக் குடியிருப்பு எங்களுடையது. கட்டி 18 வருடம் ஆகிறது. மாடியில் யாராவது ஃபிளஷ் செய்தால் எங்கள் தரைத்தள பாத்ரூம் தரையில் களக் களக் என்று சத்தம் வருகிறது. பின்னாலேயே சாக்கடை நாற்றம். சில நாள் சோப்பு நுரை பொங்கி மேலே வருகிறது. பிளம்பர் ஆசிட் ஊற்றினார். நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. கீசர் வால்வு வேறு சொட்டுகிறது. அதை அடைத்துவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அவசரமானது. கீசர் வால்வை அடைக்க விடாதீர்கள். காரணம் கடைசியில்.

சத்தம், பிறகு நாற்றம் என்று வரிசையாக வருவதிலேயே பாதி விடை இருக்கிறது. பாத்ரூம் தரையில் சல்லடைக்கு அடியில் உள்ள நஹானி டிராப்பில் (தண்ணீர் இறங்கும் கிண்ணத்தில்) எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். அதன் தடுப்பு ஆழம் 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். மாடியிலிருந்து ஃபிளஷ் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது, பைப்பில் தனக்கு முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது, பின்னால் இருப்பதை இழுக்கிறது. தள்ளப்பட்ட காற்று உங்கள் டிராப் வழியாகக் குமிழிட்டு வெளியேறுவதுதான் அந்தச் சத்தம். அடுத்த நொடி இழுப்பு வருகிறது. டிராப்பில் நின்ற தண்ணீரும் அதோடு போய்விடுகிறது. அதன் பிறகு நாற்றத்தைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

ஆகவே முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள். ஒவ்வொரு கழிவுப் பைப்பும் மொட்டை மாடிக்கு மேல் நீண்டு, வாய் திறந்து, மேலே தொப்பி போட்டு நிற்க வேண்டும். அதுதான் வென்ட் பைப். மொட்டை மாடியில் ஓடு பதிக்கும்போதோ, ஷெட் போடும்போதோ, "நாற்றம் வருகிறது" என்று யாரோ புகார் சொன்னபோதோ அதை அறுத்து மூடிபோட்டு அடைத்திருப்பார்கள். புறாக் கூடும் சருகும் அடைத்திருப்பதும் உண்டு. மூடியை எடுங்கள். மேலே துணி காயப்போடும் இடம் என்றால் பைப்பை ஆள் உயரத்துக்கு மேல் உயர்த்தி, வலை வைத்த தொப்பி போடுங்கள். பல கட்டடங்களில் இந்த ஒரு வேலையிலேயே சத்தம் நின்றுவிடும்.

அடுத்தது டிராப். சல்லடையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே கவிழ்த்த கிண்ணம் போல ஒன்று இருக்க வேண்டும். அதன் விளிம்பு தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். முடி சிக்கித் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று, சுத்தம் செய்ய வருபவர்கள் அந்தக் கிண்ணத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். தண்ணீர் உடனே வேகமாக இறங்கும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அன்றிலிருந்து அந்த பாத்ரூமில் டிராப் இல்லை என்று அர்த்தம். கிண்ணம் இருந்தால் ஒரு மர ஸ்கேலை விட்டு, தண்ணீர் மட்டத்திலிருந்து கிண்ண விளிம்புவரை ஆழத்தை அளந்துவிடுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். நாற்றம் நின்று, மறுபடி மாடியில் ஃபிளஷ் செய்ததும் வந்தால் காற்றுக் கோளாறு உறுதி. யாரும் ஃபிளஷ் செய்யாமலே தண்ணீர் மட்டம் இறங்கினால் டிராப்பில் விரிசல். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இந்தத் தண்ணீர் தானாகவே வற்றிவிடும். ஊருக்குப் போகும்முன் டிராப்பை நிரப்பி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது வெகுவாகக் குறையும்.

நுரை வேறு விஷயம். மாடி வீடுகளின் வாஷிங் மெஷின் தண்ணீர் பைப்பின் அடியில், படுக்கைப் பைப்பாகத் திரும்பும் முனையில் மோதி நுரைக்கிறது. உங்கள் பாத்ரூம் பைப் அந்த முனைக்கு அருகிலேயே சேர்ந்திருந்தால் நுரைக்கு எளிதான வழி உங்கள் டிராப்தான். இதற்கு வென்ட் மட்டும் போதாது. தரைத்தள வீடுகளின் கழிவு, மாடிப் பைப்பில் சேராமல், தனியாக நேரே சேம்பருக்கு (கழிவுப் பைப்புகள் வந்து சேரும், மூடிபோட்ட தரையடித் தொட்டிக்கு) போக வேண்டும். தரையை உடைக்கும் வேலைதான். ஆனாலும் நிரந்தரத் தீர்வு அதுதான். உடைக்கும்போதே, அடியில் உள்ள 90 டிகிரி எல்போவை எடுத்துவிட்டு இரண்டு 45 டிகிரி பெண்டு போடச் சொல்லுங்கள்.

சேம்பர்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். ஒரு சேம்பர் நிரம்பியும் அடுத்தது காலியாகவும் இருந்தால், அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். தெருவை ஒட்டிய கடைசி சேம்பர்வரை எல்லாமே நிரம்பியிருந்தால், அடைப்பு கடைசி இணைப்பிலோ தெரு லைனிலோ இருக்கிறது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் சொல்லுங்கள். அடைப்பு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் சரிவை அளக்க வேண்டும். 4 அங்குலப் பைப்புக்கு 10 அடி நீளத்துக்கு 3 அங்குலம், 6 அங்குலப் பைப்புக்கு 2 அங்குலம் என்பது நடைமுறைக் கணக்கு. சேம்பர் அடித்தளம் தட்டையாக இருந்தாலும் திடக்கழிவு தங்கும். அரைவட்ட வாய்க்கால் போலப் பூசியிருக்க வேண்டும்.

ஆசிட் இதில் எதையும் சரிசெய்யாது. சேம்பரின் சிமென்ட் பூச்சையும் பழைய பைப் இணைப்புகளையும் அரித்துவிடும். யாராவது அதோடு பிளீச்சிங் பவுடரும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அடைப்பு எடுக்க எந்த மனிதரையும் சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்காதீர்கள். இதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதி வையுங்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே கிடக்கும். அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குபவர் அப்படியே சாய்ந்துவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் பிழைப்பதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் இப்படி ஆளை இறக்கினால் முதல் முறையே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட்டிங் வண்டியை அழையுங்கள். சின்ன அடைப்பு என்றால் மேலிருந்தே கம்பி விட்டு எடுக்கட்டும்.

இனி கீசர். 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக விரிவடைகிறது. ஒருவழி வால்வு இருப்பதால் அது பின்னால் போக முடியாது. சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டுகிறது. சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. அதை அடைத்துவிட்டு, என்றாவது தெர்மோஸ்டாட்டும் (சூட்டைக் கட்டுப்படுத்துவது) கட்-அவுட்டும் (சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்துவது) பழுதானால் டேங்க் வெடிக்கும். வால்வு வாயில் ஒரு டியூபை மாட்டித் தரைவரை இறக்கிவிடுங்கள், போதும். கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால், வால்வில் உப்பு படிந்திருக்கும், அல்லது பிரஷர் பம்ப் அளவுக்கு மீறித் தள்ளுகிறது. வால்வை மாற்றி, பம்ப் அழுத்தத்தைக் குறையுங்கள்.

போர் தண்ணீர் கடினமானது என்றால் வருடத்துக்கு ஒருமுறை கீசரைத் திறந்தாக வேண்டும். எம்சிபியை (மின் பெட்டியில் உள்ள கீசர் சுவிட்சை) இறக்கி, டேங்கை வடித்து, எலிமென்ட்டை (தண்ணீரைச் சூடாக்கும் கம்பியை) வெளியே எடுங்கள். வெள்ளை ஓடு போல உப்பு கட்டியிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, எலிமென்ட்டின் வளைந்த பாகம் மட்டும் மூழ்கும்படி ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் இளகிவிடும். கூடவே மெக்னீசியம் ராடையும் பாருங்கள். டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே வைத்த கம்பி அது. மெலிந்து உள்கம்பி தெரிந்தால் புதிது போடுங்கள். மாட்டிய பிறகு, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்த பின்பே சுவிட்ச் போட வேண்டும். காலி டேங்கில் எலிமென்ட் நிமிடங்களில் கருகிவிடும்.

மொட்டை மாடி, டிராப், சேம்பர் மூன்றையும் செப்டம்பரிலேயே பார்த்து முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் தெரு லைன் நிரம்பித் தண்ணீர் உங்கள் பக்கம் திரும்பும். கடைசி சேம்பரில் ஒரு ஃபிளாப் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விடும் மூடி) போட்டு, மழைநீர்ப் பைப் எதுவும் கழிவு சேம்பரில் சேரவில்லை என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.