கையெழுத்திட வேண்டியவர் யார்?

கேள்வி: தலைப்பிரசவத்துக்காக, ஏழாம் மாத வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைத்து வந்திருக்கிறோம். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செக்கப்புக்குப் போனபோது, பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கைத் தடுக்கும் இரண்டு ஊசி மருந்துகளை ஒப்பிட்டு ஆய்வு நடப்பதாகச் சொல்லி, சம்மதப் படிவம் கொடுத்தார்கள். எந்த ஊசி என்பது குலுக்கல் முறையில்தான் முடிவாகுமாம். "என் மருமகளை வைத்தா சோதனை செய்வது?" என்று சம்பந்தியம்மாள் கோபப்படுகிறார். வெளியூரில் இருக்கும் மாப்பிள்ளையோ என்னையே கையெழுத்துப் போடச் சொல்கிறார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காசிமேடு.

பதில்: நீங்கள் போட வேண்டாம் அம்மா, மாப்பிள்ளையும் போட வேண்டியதில்லை. பதினெட்டு வயது நிறைந்து, தெளிவாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் உங்கள் மகள்தான் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும், அல்லது மறுக்க வேண்டும்.

சம்பந்தியம்மாளின் கோபத்தை நான் குறையாக எண்ணவில்லை. கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 1940-களில் தொடங்கி, அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் கர்ப்பிணிகளுக்கு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மாத்திரை கொடுக்கப்பட்டது. அதனால் பயனில்லை என்பதைச் சிகாகோவில் நடந்து 1953-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிய பிறகும் அதை எழுதிக் கொடுப்பது நிற்கவில்லை. கருவிலேயே அம்மருந்துக்கு ஆளான பெண் பிள்ளைகளுக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவது 1971-இல் தெரிந்தபோதுதான் எச்சரிக்கை வந்தது. உண்மையைக் கண்டுபிடித்த அந்தச் சிகாகோ ஆய்விலும், தாங்கள் விழுங்குவது என்ன மாத்திரை என்று பல பெண்களிடம் சொல்லப்படவில்லை. பிற்காலத்தில் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உங்கள் மகளிடம் இன்று படிவம் நீட்டப்படுவதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

பிரசவ உதிரப்போக்கு பற்றிய ஆய்வு ஏன் தேவை என்பதையும் சொல்ல வேண்டும். நான் பயிற்சி மருத்துவராக இருந்த நாட்களில், நஞ்சுக்கொடி வெளிவந்ததும் விரிப்பும் பஞ்சும் எவ்வளவு நனைந்திருக்கின்றன என்று கண்ணால் பார்த்தே இரத்த இழப்பைக் கணித்தோம். அப்படிக் கணித்தது பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. இப்போது, தாயின் இடுப்புக்கு அடியில் விரித்து, வழியும் இரத்தத்தைக் கோடுகள் அச்சிட்ட பையில் சேரவிடும் பிளாஸ்டிக் விரிப்பு வந்திருக்கிறது; 500 மில்லி கோட்டைத் தொடுவதைச் செவிலியர் நேராகவே பார்க்கலாம். நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இந்த விரிப்போடு கருப்பையைத் தேய்த்துவிடுதல், மருந்துகள், நரம்பு வழியே ஏற்றும் திரவம் போன்றவற்றை ஒரே மூச்சில் தொடங்கியபோது, கடும் உதிரப்போக்கு, அதற்கான அறுவை சிகிச்சை, அதனால் மரணம் ஆகியவை சேர்ந்த விகிதம் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆக இறங்கியது. அதற்கு முன், 2017-இல் வெளியான 20,060 பெண்கள் பங்கேற்ற ஆய்வு, டிரானெக்சாமிக் அமிலம் என்ற ஊசி மருந்தைப் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உதிரப்போக்கால் நேரும் மரணம் குறையும் என்று காட்டியது. அந்தப் பெண்கள் பங்கேற்றிருக்காவிட்டால், இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இன்று பிரசவம் பார்ப்பவர்கள் இந்த உறுதியோடு அந்த ஊசியைக் கையில் எடுக்க முடியாது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

குலுக்கல் என்ற சொல் உங்களைக் கலங்க வைத்திருக்கலாம். எது மேலான மருந்து என்று உண்மையாகவே தெரியாதபோதுதான் அம்முறை நியாயமாகும். மருத்துவர் தாமே தேர்ந்தெடுத்தால், பலவீனமானவர்களுக்கு ஒன்று, திடமானவர்களுக்கு மற்றொன்று என்று சாய்ந்துவிடும், ஒப்பீடும் கெட்டுவிடும். எந்த ஊசி கிடைத்தாலும், உதிரப்போக்கு மிகுந்தால் வழக்கமான அவசர சிகிச்சை முழுவதும் தரப்படுமா என்பதை மட்டும் மகள் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். பாலூட்டும்போது அம்மருந்தால் குழந்தைக்கு ஏதேனும் ஆகுமா என்றும் கேட்கட்டும்.

புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், 2019-இன்படி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இத்தகைய ஆய்வு தொடங்கக் கூடாது; அக்குழுவில் சட்டம் அறிந்தவரும் மருத்துவம் சாராத பொதுமனிதரும் இருக்க வேண்டும். ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் இந்த ஆய்வு சேர்ந்திருக்கிறதா என்று பதிவு எண்ணைக் கேட்டு, இணையத்தில் யாரும் பார்க்கலாம். சேர்ந்த பிறகும், காரணம் சொல்லாமலே, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காகச் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது.

படிவம் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மகளையே உரக்கப் படிக்கச் சொல்லி, சம்பந்தியம்மாளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். புரியாத வரிகளைக் குறித்துக்கொண்டு அடுத்த செக்கப்பில் கேளுங்கள். வலி எடுத்த பிறகு அவசரத்தில் முடிவெடுக்கும் நிலை வேண்டாம். சம்மதித்தால், கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஆய்வு மருத்துவரின் தொலைபேசி எண்ணை உங்கள் கைப்பேசியிலும் பதிந்துகொண்டு, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண் எழுதிய அட்டையோடு ஒரே உறையில் வைத்துவிடுங்கள். பிரசவத்துக்குக் கிளம்பும்போது அந்த உறை பையில் இருக்கட்டும்.