ஆடு பட்டையைச் சுற்றிக் கடித்த மாமரம் பிழைக்குமா?

கேள்வி: ஆறு வயதான பெங்களூரா மாமரம். நான்கு நாளைக்கு முன்பு ஆடு புகுந்து, முழங்கால் உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் கடித்து உரித்துவிட்டது. அப்பா செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூசியிருக்கிறார். இலை பச்சையாகத்தான் இருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர், "என் தென்னையில் இதைவிட ஆழமாக வெட்டு விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். விட்டுவிடலாமா?
- கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயி

பதில்: விட்டுவிடாதீர்கள். இலை பச்சையாக இருப்பதை நம்பி இருந்துவிட்டால் மரம் கையை விட்டுப் போய்விடும்.

வேர் உறிஞ்சும் தண்ணீர் மேலே ஏறுவது கட்டைக்குள் இருக்கும் சைலம் வழியாக. ஆடு அதைத் தொடவில்லை, அதனால்தான் இலை வாடவில்லை. ஆனால் இலை சமைக்கும் சர்க்கரை வேருக்கு இறங்குவது உள்பட்டையில் இருக்கும் புளோயம் வழியாக. அந்தப் பாதை இப்போது முழுவதுமாக அறுந்துவிட்டது. கொய்யாவில் விண்பதியம் போட (கிளையை மரத்திலேயே வைத்து வேர்விட வைக்க) வளையமாகப் பட்டையை எடுக்கிறோம் அல்லவா? சர்க்கரை கீழே இறங்க வழியில்லாமல் வெட்டின் மேல் விளிம்பில் தேங்குவதால்தான் அங்கே வேர் விடுகிறது. உங்கள் மரத்திலும் அதே வெட்டுதான், அடிமரத்தில் விழுந்திருக்கிறது. வேர் தன்னிடம் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்று சில வாரமோ சில மாதமோ தாங்கும். அது தீர்ந்ததும் வேர் செத்து, அப்புறம்தான் இலை வாடும். அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

முதலில் சாணப்பூச்சைத் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு உண்டு. உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் புதிதாக உண்டாக்குவது அதுதான். நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வழுவழுப்பாக, ஈரமாக, இளம்பச்சையாகத் தெரிகிற திட்டுகளில் அது உயிரோடு இருக்கிறது. காயத்தின் மேலிருந்து கீழ்வரை அப்படி ஒரு கீற்று விடாமல் தொடர்ந்து கிடைத்தால் நல்ல காலம்தான். காயாமல் பாலித்தீன் சுற்றி, மேலே சாக்கு கட்டி நிழல் கொடுங்கள். புதுப்பட்டை பிடிக்கும்.

எல்லாம் காய்ந்து பழுப்பாகியிருந்தால், காயத்தின் மேல் குச்சிகளைப் பாலம்போல ஒட்டவைக்கும் பால ஒட்டுதான் வழி. அதே மரத்தில் பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சிகளை, காயத்தைவிட நான்கு விரல்கடை கூடுதல் நீளத்துக்கு வெட்டி, இலையைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு முனையையும் ஆப்பாகச் சீவி, காயத்துக்கு மேலும் கீழும் உள்ள நல்ல பட்டைக்கு அடியில் செருகிச் சின்ன ஆணி அடியுங்கள். குச்சியின் நுனிப்பக்கம் மேலே இருக்க வேண்டும், தலைகீழானால் நிலைக்காது. கேம்பியத்தோடு கேம்பியம் ஒட்டினால்தான் பிடிக்கும். சுமார் 6 செ.மீ.க்கு ஒரு குச்சி வீதம் சுற்றிலும் வைத்து, இணைப்புகளை மெழுகால் மூடுங்கள். கை பழகிய வேலை இது. உங்கள் பக்கம் ஒட்டுக்கன்று கட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஒருவரை இந்த வாரமே கூப்பிட்டுவிடுங்கள்.

வெறும் கட்டை தெரிகிற இடத்தில் மட்டும் பூஞ்சணத்தைத் தடுக்கும் போர்டோ பசை பூசலாம்: 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர். ஒட்டிலோ உயிருள்ள திட்டிலோ பட வேண்டாம். இந்த ஆண்டு பூ வந்தால் கிள்ளிவிடுங்கள். காயத்துக்குக் கீழே துளிர் வந்தால் ஒடிக்காதீர்கள். பாலம் பிடிக்கும்வரை வேருக்குச் சோறு போடுவது அந்தத் துளிர்தான்.

சரி, தென்னைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? தென்னையில் உரிக்கும்படியான தனிப் பட்டையே கிடையாது. தண்ணீரையும் சர்க்கரையையும் கொண்டுபோகும் நார்க்கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, ஒரு பக்கம் வெட்டினாலும் மீதி வேலை செய்யும். ஆனால் அதற்குக் கேம்பியம் இல்லாததால் காயம் ஒருநாளும் மூடாது. சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட காயத்தைத்தான். உங்கள் பக்கத்துக்காரரை அந்த வெட்டில் தார் பூசிவிடச் சொல்லுங்கள்.