டாக்டரிடம் கேளுங்கள்: கேஸ் ஷீட்டில் இல்லாத புண்

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு. புத்தகத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் வார்டில் சீஃப் (வார்டுக்குத் தலைமை டாக்டர்) ஒரு நோயாளியைக் காட்டி "என்னம்மா இது?" என்று கேட்டால் வாயடைத்துப் போகிறதாம். வீட்டுக்கு வந்து அழுகிறாள். நோயைக் கண்டுபிடிக்கும் திறமை படித்து வருவதா, பிறவியிலேயே வர வேண்டியதா?
*– ஒரு தாய், திண்டுக்கல்*

பதில்: அழ வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. புத்தகமும் வார்டும் எதிரெதிர் முனையிலிருந்து தொடங்குகின்றன, சிக்கல் அதுதான். புத்தகத்தில் "டைபாய்டு" என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே காய்ச்சல், தலைவலி, வயிற்று உபாதை என்று வரிசையாக எழுதியிருக்கும். வார்டில் தலைப்பு இருக்காது. "உடம்பு கதகதன்னு இருக்கு, சோறு இறங்கல" என்று ஒருவர் படுத்திருப்பார். தலைப்பை நாம்தான் போட வேண்டும். அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, நாலு பேர் முன்னால் தப்பாகச் சொல்லித்தான் கற்றுக்கொள்ள முடியும்.

நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். பி.ஜி., அதாவது மருத்துவ மேற்படிப்பு, இரண்டாம் ஆண்டு. மார்கழி மாதம், வார்டு முழுக்கக் காய்ச்சல். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், ஆடு மேய்ப்பவர், பன்னிரண்டு நாள் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். வெளியில் எடுத்த வைடால் டெஸ்ட், அதாவது டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை, பாசிட்டிவ். நான் டைபாய்டு என்று எழுதி ஊசி மருந்து ஆரம்பித்தேன். நான்கு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. கேஸ் ஷீட்டில் உடல் பரிசோதனை என்ற இடத்தில் என்.ஏ.டி. என்று மூன்று எழுத்து போட்டிருந்தேன். குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள். எங்கள் சீஃப் அதற்கு வேறு விரிவு வைத்திருந்தார்: "பார்க்கவே இல்லை."

காலை ரவுண்ட்ஸில் நான் கேஸைச் சொல்லி முடித்தேன். சீஃப் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக நோயாளியிடம் போய், "ஐயா, வேட்டியைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றார். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. அதற்கு அடியில் இரண்டு விரலை விட்டுக் கயிற்றைக் கீழே நகர்த்தினார். அங்கே சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, காய்ந்த கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். சிகரெட்டால் சுட்டது மாதிரி. "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டதற்கு அவர், "அதுவா, கயிறு உரசுன புண்ணு சார். வலியும் இல்ல, அரிப்பும் இல்ல" என்றார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. அதையும் நான் தொட்டுப் பார்க்கவில்லை.

ஸ்க்ரப் டைபஸ். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். உண்மையில் உண்ணி கடிப்பதால் வருவது அல்ல. புதர்க்காட்டில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி ஒன்றின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு உண்டாகும். வலிக்காது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். இடுப்பு, அக்குள், மார்பகத்துக்கு அடி, தொடை இடுக்கு என்று துணி மூடிய இடமாகப் பார்த்து ஒளிந்திருக்கும். எல்லோருக்கும் வருவதும் இல்லை. டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தோம், இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. வைடால் பாசிட்டிவாக இருந்ததே என்கிறீர்களா? டைபாய்டு புழங்கும் ஊரில் ஒரே ஒரு தடவை எடுத்த வைடாலை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய தொற்றின் சுவடாகக்கூட இருக்கலாம். இது எனக்கும் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் கையில் ஒரு விடை வந்துவிட்டது, அதனால் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அடுத்த இரண்டு மாதம் நான் எந்தக் காய்ச்சல்காரரைப் பார்த்தாலும் முதலில் அரைஞாணைத்தான் தேடினேன். பொருக்கு இல்லாவிட்டாலும் ஸ்க்ரப்பாக இருக்கும் என்று டாக்ஸிசைக்ளின் எழுதினேன். அப்படி எழுதிய ஒருவருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி. வலது விலாவின் அடியில் விரலால் அழுத்தியிருந்தால் துள்ளியிருப்பார். தினமும் சாராயம் உண்டு என்று அவர் சொன்னதும் என் கையெழுத்திலேயே இருந்தது. முந்தின கேஸ் கற்றுக்கொடுத்த பாடமே இந்தக் கேஸில் கண்ணை மறைத்துவிட்டது.

உங்கள் மகளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு கேஸுக்கும் தன் யூகம் மூன்றை அதில் எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது பொருந்தாமல் போக என்ன காரணம் என்றும் எழுதட்டும். இந்த இரண்டாவது பத்திதான் கஷ்டம். நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் கடைசியில் என்னவாயிற்று என்று போய்க் கேட்டு, சிவப்பு மையில் எழுதட்டும். ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனது பொய் சொல்லும். மையில் எழுதியது பொய் சொல்லாது. என்னிடம் அப்படி ஏழு நோட்டு இருக்கிறது. முதல் நோட்டை யாருக்கும் காட்டுவதாக இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் சிக்கலான நோயாளிகளின் கதையைப் புதிர் போலப் பத்திரிகையில் போட்டு டாக்டர்களை விடை சொல்லச் சொல்வார்களாமே, உண்மையா? அது விளையாட்டா, படிப்பா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்*

பதில்: உண்மை. அது தொடங்கிய கதை உங்களைப் போன்ற ஆசிரியருக்குப் பிடிக்கும். ஹார்வர்டில் வால்டர் கேனன் என்று ஒரு மருத்துவ மாணவர். நாள் முழுக்க உட்கார்ந்து விரிவுரை கேட்டு அலுத்துப்போனவர். அவரோடு அறையில் தங்கியிருந்தவர் சட்ட மாணவர். சட்டக் கல்லூரியிலோ நடந்து முடிந்த வழக்குகளைக் கொடுத்து, அலசிக் கட்சி கட்டிப் பேசவிட்டார்கள். அறைத்தோழரும் அவர் நண்பர்களும் வழக்குகளைப் பற்றி உற்சாகமாக வாதாடுவதைப் பார்த்த கேனன், மருத்துவத்தையும் ஏன் இப்படிக் கற்பிக்கக்கூடாது என்று 1900-இல் கட்டுரை எழுதினார். இன்று நாங்கள் கேஸை வைத்துப் பாடம் படிக்கும் முறைக்கும் கோர்ட்டுக்கும் இப்படி ஓர் உறவு.

அதைப் பிடித்துக்கொண்டவர் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இருந்த ரிச்சர்ட் கேபட். நோயாளியின் முழுக் கதையையும், பரிசோதனைகளையும் விடை தெரியாத ஒரு டாக்டரிடம் கொடுத்து எல்லோர் முன்னாலும் யோசிக்க வைப்பார்கள். அவர் பேசி முடித்த பிறகுதான் பேத்தாலஜிஸ்ட் எழுந்து, பிரேதப் பரிசோதனையிலோ திசுப் பரிசோதனையிலோ கண்டதைச் சொல்வார். 1920-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகளாக அந்த ஆஸ்பத்திரியின் கேஸ்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்திருக்கின்றன. பெரிய பேராசிரியர் தப்பாகச் சொன்னாலும் அப்படியே அச்சாகும். விடையைவிட, அவர் எந்த வழியாகப் போனார் என்பதைப் படிப்பதற்காகத்தான் நான் அதை வாங்கினேன்.

இதே கேபட் 1912-இல் இன்னொரு காரியமும் செய்தார். மூவாயிரம் பிரேதப் பரிசோதனைகளை எடுத்து, அந்த நோயாளிகள் உயிரோடு இருந்தபோது டாக்டர்கள் என்ன நோய் என்று எழுதியிருந்தார்கள் என்று ஒப்பிட்டு வெளியிட்டார். சில நோய்கள் பாதிக்குமேல் தவறவிடப்பட்டிருந்தன. சக டாக்டர்களுக்கு அவர் மேல் எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கல் மீட்டிங் உண்டு, இறந்தவர்களின் கேஸைப் பேசும் கூட்டமும் உண்டு. நன்றாக நடந்தால் அதைப்போல வகுப்பு வேறு கிடையாது. மோசமாக நடந்தால் யார் தலையில் போடலாம் என்று பார்க்கும் பஞ்சாயத்தாகிவிடும். பி.ஜி.க்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டு விதமும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் பையனுக்குக் காலில் பலம் இல்லை என்று கூட்டிப்போனால், டாக்டர் "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று ஆரம்பித்துக் கால்மணி நேரம் சம்பந்தமில்லாமல் கேட்கிறார். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா?
*– வாசகர், ஈரோடு*

பதில்: அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

பிரிட்டனில் 1975-இல் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. புதிதாக வந்த 80 புறநோயாளிகளில் 66 பேருக்கு, அனுப்பிய டாக்டரின் கடிதத்தைப் படித்து, கதையைக் கேட்டு முடித்ததுமே சொன்ன நோய்தான் கடைசிவரை நின்றது. தொட்டுப் பார்த்ததால் மாறியது 7 பேருக்கு, லேப் டெஸ்டால் மாறியது 7 பேருக்கு. அப்போது இன்று இருக்கும் ஸ்கேன்கள் இல்லை என்பது சரிதான். ஆனாலும் எந்த இடத்தை ஸ்கேன் எடுப்பது என்று முடிவு செய்யக் கதை வேண்டுமே.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்ற கேள்விக்கே வருகிறேன். இருபத்தாறு வயதுப் பையன். சொந்தக்காரர் கல்யாணத்தில் இரவு பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டு மண்டபத்திலேயே தூங்கியிருக்கிறான். விடியற்காலை எழுந்தால் இரண்டு காலும் அசையவில்லை. பாட்டி காத்துக் கருப்பு என்கிறார், மாமா பக்கவாதம் என்கிறார். நாங்கள் ரத்தம் எடுத்தோம், பொட்டாசியம் 2.1. இருக்க வேண்டியது 3.5-க்கு மேல். சரி, விடை கிடைத்துவிட்டது, பொட்டாசியம் ஏற்றலாம் என்று நான் எழுத ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், பல்ஸ் 120 இருக்கு. படுத்தே கிடக்கிறவருக்கு ஏன் சார் இவ்வளவு?"

கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தோம். தாள் படபடவென்று நடுங்கியது. ஆறு மாதத்தில் எட்டு கிலோ இளைத்திருந்தானாம். "ஜிம்முக்குப் போறான்னு நினைச்சோம்" என்றார் அம்மா. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய். அது இருக்கும் சிலருக்கு வயிறு முட்டச் சோறு சாப்பிட்டால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியம் செல்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தைராய்டு நோய் பெண்களுக்குத்தான் அதிகம், ஆனால் இந்த வாதம் பெரும்பாலும் ஆண்களுக்கு, அதிலும் ஆசியர்களுக்கு. பொட்டாசியம் உடம்பைவிட்டு எங்கும் போகவில்லை என்பதால், அள்ளிக் கொட்டினால் சில மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்து எகிறி இதயத்தைப் பாதிக்கும். கொஞ்சமாகக் கொடுத்தோம். மாலையில் எழுந்து நடந்தான். தைராய்டுக்கு வைத்தியம் பார்த்த பிறகு திரும்ப வரவில்லை. அந்தப் பெண் கேட்டிருக்காவிட்டால் "பொட்டாசியம் குறைவு" என்று எழுதி அனுப்பியிருப்பேன், அவன் அடுத்த கல்யாணத்துக்குப் போயிருப்பான்.

உங்கள் பையனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: அறிகுறிகளை சாட்ஜிபிடியில் போட்டால் நோயைச் சொல்லிவிடுகிறது. இனி டாக்டர்கள் எதற்கு?
*– கல்லூரி மாணவர், கோவை*

பதில்: மேலே சொன்ன பாஸ்டன் கேஸ்களில் 70-ஐ, சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருந்த ஜிபிடி-4-க்குக் கொடுத்துப் பார்த்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். 27 கேஸ்களில் அது முதலில் சொன்ன நோயே சரியாக இருந்தது. 45-இல் அதன் பட்டியலுக்குள் சரியான விடை இருந்தது. நல்ல மார்க்தான் தம்பி, அந்தக் கேஸ்களில் நான் அவ்வளவு வாங்கியதில்லை. ஆனால் அவை யாரோ ஒரு டாக்டர் கேட்டு, தொட்டுப் பார்த்து, வேண்டியதை வைத்து வேண்டாததை விட்டு எழுதிக் கொடுத்த கேஸ்கள். எங்கள் ஆட்டுக்காரர் தானே டைப் செய்திருந்தால் கயிறு உரசிய புண்ணை எழுதியிருப்பாரா? நானே எழுதவில்லை. இரண்டாவது யோசனை கேட்க நானும் அதைப் பயன்படுத்துகிறேன். முதலில் என் மூன்று யூகத்தை நோட்டில் எழுதிவிட்டுத்தான் கேட்பேன்.

கேள்வி: முதல் டாக்டர் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றார். ஐந்து நாள் கழித்து இன்னொருவர் ஒரே பார்வையில் டெங்கு என்றார். முதலாமவர் மேல் புகார் கொடுக்கலாமா?
*– வாசகி, நாகர்கோவில்*

பதில்: நீங்கள் அனுப்பிய சீட்டுகளின்படி, முதல் டாக்டர் பார்த்தது முதல் நாள் காய்ச்சலை. அன்று டெங்குவும் வேறு பல காய்ச்சல்களும் ஒரே மாதிரிதான் இருக்கும். டெங்குவும் ஒரு வைரஸ் காய்ச்சல்தான். இரண்டாமவர் பார்த்தபோது தட்டணுக்கள் குறைந்திருந்தன, தோலில் புள்ளிகள் வந்திருந்தன, வயிறு வலித்தது. கடைசியாகப் பார்க்கும் டாக்டர்தான் எப்போதும் கெட்டிக்காரர் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. ஆனால் முதலாமவர் "மூன்று நாளில் குறையாவிட்டால் வாருங்கள், இன்ன இன்ன வந்தால் உடனே வாருங்கள்" என்று சொன்னாரா? சொல்லாமல் விட்டிருந்தால் கோபப்பட உங்களுக்கு நியாயம் உண்டு. சொல்லியிருந்து நீங்கள் அவரிடம் திரும்பப் போகாமல் வேறு ஒருவரிடம் போயிருந்தால், தான் எழுதியது என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. குணமானதும் ஒருநாள் அந்தப் பக்கம் போனால் சொல்லிவிட்டு வாருங்கள், அவரும் ஒரு நோட்டு வைத்திருக்கக்கூடும்.

இன்னொன்று. எந்த டாக்டரிடம் போனாலும் பழைய சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். "வெள்ளையா, வட்டமா ஒரு மாத்திரை" என்று சொன்னால் எனக்கு நானூறு மாத்திரை ஞாபகம் வரும். போன வாரம் ஒருவர் பெரிய எக்ஸ்ரே கவரோடு வந்தார். ஆவலாகப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே ரேஷன் கார்டு இருந்தது.